சாட்சி வார்டு

எட்டு வருடமாக ஒரே ஒரு மனிதன் நாசமாய்ப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான். முருகன், மாதா, போகிற வழியில் கண்ணில் பட்ட முனியப்பன் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு சாமியும் காது கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவனே நடந்து வந்து, என் வார்டில் மூன்றாம் கட்டிலில் உட்கார்ந்து, "சிஸ்டர், ஃபேனைக் கொஞ்சம் கொறைச்சு வெக்கறீங்களா? குளுருதுங்க" என்றான்.

குழந்தைவேலு, வயது அறுபத்து மூன்று, சர்க்கரை உண்டு. பஞ்சுக் காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள்.

நேரில் 'சார்' என்று கூப்பிட்ட வாய்தான். ஆனால் இதை எழுதும்போது அவனுக்கு மரியாதை கொடுக்க என்னால் ஆகாது. ஃபேனைக் குறைத்து வைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஃபேனையும் குறைத்ததில்லை.

என் தங்கை முத்தரசி பதினெட்டு வயதில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேற்கே ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். மில் காம்பவுண்டுக்குள்ளேயே ஹாஸ்டல், நூற்று நாற்பது பெண்கள். அந்த ஹாஸ்டலின் மேனேஜர் இவன். அவள் போன மறுவருடம் புதுக் காய்ச்சல் ஒன்று வந்தது. மில்களில்தான் முதலில் பரவியது. நெஞ்சுக்குள் பஞ்சை அடைத்த மாதிரி மூச்சு முட்டியதால் பஞ்சுக் காய்ச்சல் என்றே பெயர் நின்றுவிட்டது. மருந்தும் சீக்கிரமே வந்தது. நீல மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஐந்து நாள். ஓர் அட்டைக்குப் பத்து. சுகாதாரத் துறை அந்த ஹாஸ்டலுக்கு அறுபது அட்டை கொடுத்தது.

இவன் கத்தரிக்கோலை எடுத்தான். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் "ரெண்டு மாத்திரை மட்டும் குடுங்க" என்றால் அட்டையை நறுக்கென்று வெட்டித் தருவார்களே, அதே பழக்கம். ஆளுக்கு நான்கு மாத்திரை. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்கியதும் "எந்திரி, ஷிஃப்டுக்குப் போ." மிச்ச ஆறு மாத்திரை அடுத்தவளுக்கு. மருந்து தின்னத் தின்ன வாந்தி வரும், வாந்தி எடுப்பவள் மெஷினில் நிற்க மாட்டாள் என்பதும் அவன் கண்டுபிடித்த நியாயம். ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குத் தொற்றி, ஒன்பதாவது ஆளாக என் தங்கையிடம் வந்து சேர்ந்தபோது அந்த வைரஸுக்கு நீல மாத்திரை பொரிகடலை ஆகிவிட்டிருந்தது. அவளுக்கு மட்டும் பயந்துபோய்ப் பத்தையும் கொடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஹாஸ்டலில் பதினொரு பெண்கள் செத்தார்கள். 'மருந்து பலனளிக்கவில்லை' என்று எழுதி விசாரணையை மூடினார்கள்.

இதெல்லாம் எனக்கு ஜெபராஜ் சார் சொல்லித்தான் தெரியும். மாவட்ட ஆஸ்பத்திரி லேபில் வைரஸின் எழுத்தைப் படிக்கும் மெஷினுக்கு அவர்தான் பொறுப்பு. திருநெல்வேலிக்காரர். தங்கை செத்து மூன்றாம் வருடம், ஐஸ் பெட்டியில் கிடந்த அவளுடைய சளியைத் தூசி தட்டி எடுத்துப் படித்தவர். என்னை உட்கார வைத்துக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"வைரஸக் கொல்ல முடியாதும்மா. அதுக்கு உயிர்னு ஒண்ணு ஒழுங்கா இருந்தாத்தான கொல்றதுக்கு? நம்ம செல்லுக்குள்ள பூந்து, 'என்னைய மாதிரி இன்னும் ஆயிரம் எழுது'ன்னு உக்காந்துக்கிடும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"அப்ப மாத்திரை என்ன சார் செய்யுது?"

"எழுதணும்னா எழுத்து வேணும்லா? அந்த எழுத்துக் கூடையில நாம ஒரு கள்ள எழுத்தப் போட்டுவிடுதோம். பாக்கதுக்கு அசல் மாதிரியே இருக்கும். அது தெரியாம எடுத்து எழுதிரும். அடுத்த நகல்ல ஒரு பிழை. அதுக்கடுத்ததுல நாலு. அஞ்சாம் நாள் பாத்தா ஒரு நகலும் உருப்படியா இருக்காது. தன்னத் தானே எழுதத் தெரியாம நின்னுபோவும்."

"நம்ம செல்லுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"நம்ம செல்லு நிதானமா, சரிபாத்துச் சரிபாத்து எழுதும். கள்ள எழுத்து மாட்டிக்கிடும். வைரஸுக்கு அவசரம். அவசரக்காரனத்தான ஏமாத்த முடியும்?"

"ரெண்டு நாள்ல நிறுத்துனா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் யாருடைய அக்கா என்று அவருக்குத் தெரியும்.

"நிறுத்துனா, தப்புனது கொஞ்சம் நிக்கும். ஆயிரம் பிழையில ஒரு பிழை அதுக்கு நல்லதா முடிஞ்சிருக்கும். கள்ள எழுத்த ஒதுக்கத் தெரிஞ்சிருக்கும். அதுதான் அடுத்த ஆளுக்குப் போவும். இன்னொண்ணு சொல்லுதேன் கேளு. இந்த மாத்திரை போடுத பிழைக்குத் தனிச் சாயல் உண்டு. வேற எதனாலயும் அது வராது. அத எண்ணிப் பாத்தா, எந்த உடம்புல எத்தன நாள் மருந்து ஓடியிருக்குன்னு சொல்லிரலாம். மரத்த அறுத்தா வளையம் தெரியும்லா, அது மாதிரி."

என் தங்கையின் வைரஸைப் படித்த தாளை என் முன்னால் வைத்தார். இரண்டு நாள், இரண்டு நாள், இரண்டு நாள் என்று எட்டு முறை. கடைசியில் ஐந்து. அந்த ஐந்துதான் முத்தரசி.

அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத படி இல்லை. அந்த அறிக்கையை வைத்துத்தான் புதுச் சட்டமே வந்தது. இனி நீல மாத்திரை கடையில் கிடைக்காது. நோயாளி ஐந்து நாளும் சாட்சி வார்டில் படுக்க வேண்டும். ஒவ்வொரு மாத்திரையையும் சாட்சிச் செவிலி கண்ணெதிரில் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிறகு செவிலி மெஷினில் கட்டைவிரலை வைப்பாள். பத்து ரேகை விழுந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். மாத்திரையை மறைத்து, அதனால் இன்னோர் உயிர் போனால், மறைத்தவனுக்குப் பத்து வருடம். பொய்ச் சாட்சி வைத்தவளுக்கு ஏழு.

எல்லாம் சரி. ஆனால் பழைய சாவுக்குப் புதுச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நின்றிருந்த என்னையும் சேர்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறினான். நான் பார்த்துக்கொண்டிருந்த தையல் வேலையை விட்டுவிட்டு நர்சிங் சேர்ந்தேன். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். பாதி உண்மை.

வார்டில் அவன் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முகக்கவசம் ஒரு காரணம். கவசம் இல்லாவிட்டாலும் கண்டிருக்க மாட்டான். முதல் நாள் சாயங்காலம் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பேச்சுத் துணை தேடினான். வீட்டுக்காரி இறந்து நான்கு வருடம் ஆகிறதாம், மகன் வெளிநாட்டில் இருக்கிறானாம், பெரிய வீட்டில் தான் மட்டும் தனியாம்.

"என்ன வேலை பாத்தீங்க சார்?"

"மில்லு ஹாஸ்டல் பாத்துட்டிருந்தனுங் சிஸ்டர். இருவது வருசம். அத்தன புள்ளைகளையும் எம்பட புள்ளைக மாதரத்தான் வெச்சிருந்தேன்."

"முத்தரசின்னு ஒருத்தி இருந்தா. ஞாபகம் இருக்கா?"

கண்ணை மூடி உண்மையாகவே யோசித்தான். "ராம்நாட்டுப் புள்ளையா? நல்லாப் பாட்டுப் பாடுமே?"

"அவ பாட மாட்டா."

"அப்பத் தெரியலீங். ஆயரம் புள்ளைக வந்து போயிருக்குதுங்க."

"காய்ச்சல் வருசத்துல பதினோரு பேரு செத்துட்டாங்களாமே?"

"அதை ஏங் கேக்கறீங். நூத்தி நாப்பது புள்ளைகளுக்கு அறுவது அட்டைங்க. ஒருத்திக்கே பூரா அட்டையும் குடுத்துப்போட்டு இன்னொருத்திய என்ன பண்றதுங்? பங்கு போட்டுக் குடுத்தேன். அது ஒரு தப்பான்னு கோர்ட்டு வரைக்கும் இழுத்துட்டாங்க. நல்லதுக்குக் காலமில்லீங் அம்மிணி."

ஒரு நொடி அது நியாயம் போலவே காதில் விழுந்தது. அதுதான் அவனுடைய சாமர்த்தியம். ஆனால் எனக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அந்த ஹாஸ்டலில் மொத்தம் காய்ச்சல் வந்தது நாற்பத்து மூன்று பேருக்கு. ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தாலும் பதினேழு அட்டை மிஞ்சியிருக்கும். 'பின்னாடி ஆகும்' என்று அலமாரியில் பூட்டி வைத்தான். முத்தரசி செத்த அன்றைக்கு அந்த அலமாரியில் நாற்பதுக்கு மேல் முழு அட்டைகள் இருந்தன.

"தூங்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்து, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

முதல் இரண்டு நாள் அவன் ஒழுங்காக விழுங்கினான். உயிர்ப் பயம். நானும் ஒழுங்காக ரேகை வைத்தேன். அவனைப் பார்க்கும்போதெல்லாம் தலையணையை எடுத்து அமுக்கிவிடலாமா என்று தோன்றும். செய்ய மாட்டேன் என்றும் தெரியும். எனக்கு அவன் சாவதை விட, எப்படிச் சாகிறான் என்பது முக்கியமாக இருந்தது. முத்தரசி கடைசி ஒன்றரை நாள் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதற்குக் குறைவாக எதையும் அவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை அவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தான்.

"அப்பறம் இந்தக் கருமத்தை எதுக்குங் சிஸ்டர் திங்கோணும்? கொமட்டுது."

"அஞ்சு நாள் சார். சட்டம்."

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். வாயைத் திறந்தான். நாக்கைத் தூக்கினான். இடது கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கும் சதைக்கும் நடுவில், நீலமாக ஒரு விளிம்பு தெரிந்தது.

மூன்று வருடத்தில் இப்படி நாற்பது பேரையாவது பிடித்திருப்பேன். விரலை விட்டு எடுத்து, திட்டி, மறுபடி விழுங்க வைப்பேன். கண்டிப்பான சிஸ்டர் என்று எனக்குப் பெயர். அன்று நான் அந்த நீல விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். நான் பார்த்தேனா இல்லையா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு மெஷினில் கட்டைவிரலை வைத்தேன்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெண்களுக்குச் செய்ததை அவனே தன் உடம்புக்குச் செய்துகொள்கிறான். இரண்டு நாள் மருந்து, பிறகு நிறுத்தம். தப்பிய வைரஸ் பழகிக்கொண்டு திரும்பும். ஒரு வாரத்தில் மறுபடி இதே கட்டிலுக்கு வருவான். அப்போது நீல மாத்திரை கேட்காது. அறுபத்து மூன்று வயதும் சர்க்கரையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நான் பக்கத்தில் நின்று, அவன் காதில் என் தங்கையின் பெயரைச் சொல்வேன். ஒரு தரம் இல்லை, மூச்சு நிற்கும் வரை சொல்வேன்.

அன்று சாயங்காலமும், வெள்ளி, சனி இரண்டு நாளும் அதே நாடகம். நான் திரும்பியதும் வாயிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வதைக் கண்ணாடி ஜன்னலில் பார்த்தேன். ஏன் குப்பையில் போடாமல் பைக்குள் வைக்கிறான் என்று நான் யோசிக்கவில்லை. ஆறு மாத்திரை, ஆறு பொய் ரேகை.

வேறு யாருக்காவது தொற்றினால் என்று ஒரு முறை யோசித்தேன், யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெரிய வீட்டில் தனி ஆள், யாருக்குத் தொற்றப் போகிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பெரிய வீட்டில் பாத்திரம் கழுவ ஓர் ஆள் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு! நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து எங்களை வளர்த்த அம்மாவுக்குப் பிறந்த எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மிணி, உங்க கைராசி" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதன் பிறகு தினமும் காலையில் அட்மிஷன் பட்டியலைத்தான் முதலில் திறப்பேன். குழந்தைவேலு இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. சாமிகள் மறுபடி என்னை ஏமாற்றுகிறார்கள் என்று பல்லைக் கடித்தேன். பதின்மூன்றாம் நாள் ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். ருக்குமணி, வயது நாற்பத்திரண்டு. மூச்சு ஏற்கெனவே இரைந்துகொண்டிருந்தது. கூடவே மகள் கௌசல்யா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்.

முதல் மாத்திரையை நீட்டியதும் ருக்குமணி அதை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இதுதானுங் சிஸ்டர் போன வாரம் தின்னேன். எங்கைய்யா குடுத்தாருங்க. அவரு வூட்லதான் நான் வேலை செய்யறேன். மேலுக்கு சூடா இருக்குதுங்கன்னேன். 'இந்தா, ஆறு மாத்திரை மிச்சம் புடிச்சு வெச்சிருக்கேன், மூணு நாளைக்குத் தின்னு, ஆஸ்பத்திரிக்குப் போனா அஞ்சு நாளு படுக்கப் போட்டுருவாங்க, வூட்டு வேலைய யாரு பாக்கறது'ன்னாரு. தின்னதும் கேட்டுதுங்க. மறுக்காவும் வந்துருச்சு."

"எப்படி இருந்துச்சு அந்த மாத்திரை?"

"நீலம் அங்கங்க போயிருந்துதுங்க. பழசு போலன்னு நெனச்சேன்."

அவன் வாயிலிருந்து எடுத்தது. துடைத்துக் காயவைத்து, இன்னொரு மனுஷிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறான். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் கொன்றிருப்பேன். ஆத்திரம் அடங்கியபோது, ருக்குமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாயிருமுங்களா சிஸ்டர்?"

"ஆயிரும்" என்றேன். தண்ணீர் குடிக்க வைத்தேன்.

உடனே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். இது ஓர் உடம்பில் இரண்டு நாள் மருந்தையும் இன்னோர் உடம்பில் மூன்று நாள் மருந்தையும் பார்த்துத் தப்பிய வைரஸ், நீல மாத்திரை இனி இதற்குச் சோறு, மாத்திரை கேட்காதவர்களுக்கென்று சென்னையில் வைத்திருக்கும் இரண்டாம் வரிசை ஊசியை இப்போதே வரவழையுங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். கத்தினால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஒரு பகலும் ஓர் இரவும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலைதான், வீட்டில் யாரோ கொடுத்த மீதி மாத்திரையைத் தின்றிருக்கிறாள், பழகிய வைரஸாக இருக்கலாம் என்று மழுப்பிச் சொன்னேன். ஊசி வந்து சேர மூன்று நாள். அது வந்த அன்று மத்தியானம் ருக்குமணியின் நெஞ்சு முழுக்கப் பஞ்சு அடைத்துவிட்டிருந்தது. கரையில் போட்ட மீன். நான் பக்கத்தில் நின்றேன். அவளிடம் சொல்ல என்னிடம் ஒரு பெயரும் இல்லை.

அடுத்த நாள் ஜெபராஜ் சார் என்னை லேபுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜையில் இரண்டு தாள்.

"அந்தம்மாவோட வைரஸப் படிச்சேன். அதுக்கு முந்தின உடம்பு குழந்தைவேலு, வார்டுல சேரும்போது எடுத்த அவன் சளியோட ஒத்துப்போவுது. அங்க ரெண்டு நாள் வளையந்தான் இருக்கு. பெறவு இந்தம்மா உடம்புல மூணு. ஆனா நம்ம பதிவுல அந்தாளு அஞ்சு நாளும் முழுங்கியிருக்கான். பத்து ரேகை. எல்லாம் ஒன்னுது."

அவர் ரேகைப் பதிவுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"அந்தாளு எப்படி இருக்கான்னு கேட்டு ஆள் அனுப்புனேன். ரெண்டு நாள் இருமுனானாம். இப்பம் காலையில நடைப்பயிற்சி போறான்."

"ரெண்டு நாள்ல நிறுத்துனா தப்புனது நிக்கும்னீங்களே சார்!" என்று கத்திவிட்டேன். அந்தக் கத்தலிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"மருந்து பாதி வேலைதாம்மா பாக்கும். மிச்சத்த உடம்பு பாக்கணும். சிலருக்கு ரெண்டு நாளே போதும். யாருக்குப் போதும், யாருக்குப் போதாதுன்னு முன்னாடியே சொல்ல முடியாது. அதனாலதான எல்லாருக்கும் அஞ்சுன்னு வெச்சோம்? நீ அவன் உடம்ப நம்பிப் பழி வாங்கப் பாத்திருக்க. அவன் தின்ன நெய்யும் பாலும் அவனக் காப்பாத்திட்டு. இவ உடம்புல என்ன இருந்துச்சு?"

இரண்டு தாளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். "மிஷின் தப்பாப் படிச்சிட்டுன்னு எழுதிருதேன். வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு அப்படி ஆவதுதான். ஒந் தங்கச்சியப் படிச்ச கையி இது. ஒன்ன ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு ஆவாது."

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். மிஷின் தப்பு என்று எழுதினால் நான் தப்புவேன். கூடவே அவனும் தப்புவான். இரண்டாம் தடவையாக. சரியாக எழுதினாலும் என் ரேகை அவனுக்குக் காவல் நிற்கும். பத்து மாத்திரையும் விழுங்கியதற்கு அரசாங்கச் சாட்சியே இருக்கிறதே என்று வக்கீல் சிரிப்பான். அவன் மாத்திரையை மறைத்ததைக் கண்ணால் பார்த்தவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் வாயைத் திறந்தால் முதலில் அவள் உள்ளே போவாள்.

"உள்ளபடி எழுதுங்க சார். நான் வாக்குமூலம் குடுக்குறேன்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். இந்தத் தடவ பழைய சாவு இல்ல. சட்டம் செல்லும்."

மனம் திருந்தி அப்படிச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ருக்குமணிக்காக நெஞ்சு எரிந்தது உண்மை. ஆனால் அவனை இழுத்துக்கொண்டுதான் குழிக்குள் விழப்போகிறேன் என்று நினைத்தபோது, எட்டு வருடத்தில் முதல் முறையாக எனக்குப் பசித்தது. கேன்டீனுக்குப் போய் மூன்று இட்லி சாப்பிட்டேன்.

போலீசுக்குப் போவதற்கு முன்னால் கௌசல்யாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வேறு யார் வாய் மூலமாவது அவளுக்குத் தெரியக் கூடாது. பிணவறைக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பழகிய வைரஸ் என்பதால் உடலைப் பெட்டியில் அடைத்து முத்திரை வைத்துத்தான் தருவார்கள். அதற்கு அரை நாள் ஆகும். அழுது ஓய்ந்த முகம். சொந்தக்காரர் என்று பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். முத்தரசி, ஹாஸ்டல், அலமாரி, கன்னத்துக்குள் தெரிந்த நீலம், ஆறு ரேகை. அவள் கையிலிருந்த டிஃபன் பாக்ஸின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா தின்னது அந்தாளு வாயிலிருந்து எடுத்ததுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

மூடியை அழுத்தி மூடினாள்.

"அவன் தப்பிக்க மாட்டான் கண்ணு. நான் எழுதிக் குடுக்கப் போறேன். இப்ப நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன்."

"எத்தன வருசம் போடுவாங்க?"

"அவனுக்குப் பத்து. எனக்கு ஏழு."

அவள் டிஃபன் பாக்ஸைப் பெஞ்சில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா வார்டுக்கு வந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுது."

"டாக்டர்கிட்ட எப்பச் சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. "மறுநாள்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபமோ அழுகையோ அந்த முகத்தில் இல்லை. உள்ளிருந்து ஊழியர் ஒருவர் வந்து ருக்குமணி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கௌசல்யா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"சரிங் சிஸ்டர். நீங்க போயி மொதல்ல அந்தாளப் பத்திப் பூராச் சொல்லுங்க. ஒண்ணையும் விட்டுப்போடாதீங்க. கோர்ட்டுல கேக்கறப்பவும் மாத்திப் பேசாதீங்க."

"மாட்டேன்."

"ஏழு வருசங் கழிச்சு நீங்க வெளிய வருவீங்கல்லங்க?" என்று கேட்டாள். "எனக்கு இப்பத்தானுங் பத்தொம்போது. நான் காத்துட்டிருப்பேன்."